குழாய் இல்லாத குளியலறை

"அம்மா, என் பொண்டாட்டி பக்கத்து வீட்டுல போய்க் குளிக்கிறா!"

வைத்தியலிங்கம் மடத்துக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் கத்தினார். கும்பிடுகூடப் போடவில்லை.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த நீலாயதாட்சி அம்மையார் நிமிர்ந்து பார்த்தார். வைத்தியலிங்கத்தைவிட அவருக்குப் பத்து வயது குறைவு. ஆனாலும் அவர்தான் குரு. வீட்டில் வெங்காயம் அழுகினால்கூட வைத்தியலிங்கம் இங்கே வந்துதான் நியாயம் கேட்பார்.

"உக்காருங்க. யார் வீட்டுல?"

"ரோஸ்மேரி டீச்சர் வீட்டுல. தோள்ல துண்டு, கையில சோப்பு டப்பா. தெருவே பாக்குது. என் மானம் கப்பலேறுது!"

"உங்க வீட்டுல குளிக்க இடம் இல்லியா?"

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தவர்போல வைத்தியலிங்கம் பொரிந்து தள்ளினார்.

இல்லையாவது! குளியலறையை இடித்துக் கட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லை. தரையில் கூழாங்கல் பதித்திருக்கிறார். சுவர் முழுக்கக் கறுப்புக் கல். கூரையில் கண்ணாடி, வெயில் நேராக உள்ளே விழும். மனைவி செண்பகம் சீர்வரிசையாகக் கொண்டுவந்த பித்தளை அண்டா பரணில் சும்மாதானே கிடந்தது? அதன் அடியில் ஓட்டை போட்டு வாஷ்பேசின் ஆக்கிவிட்டார். எல்லாம் அவருடைய சொந்த யோசனை.

"அவ அக்கா வீட்டுக்குப் போயிருந்தப்ப செஞ்சேம்மா. வந்து பாத்து அசந்து போகட்டும்னு."

"அசந்தாங்களா?"

"அண்டாவைப் பாத்து அழுதா."

"ம்."

"அதை விடுங்க. குளிக்கறதுக்கு என்ன குறை? கூரையிலேருந்து மழை மாதிரி கொட்டுது! பக்கெட்டு, கப்பு, குழாய் எல்லாத்தையும் தூக்கிக் கடாசிட்டேன். அழகைக் கெடுக்குதுல்ல?"

"அவங்க என்ன சொல்றாங்க?"

"தலை நனையுதாம்!"

வைத்தியலிங்கத்துக்கு மூச்சு வாங்கியது.

"குளிச்சா தலை நனையாம என்ன செய்யும்? தினம் தலைக்கு ஊத்திக்க முடியாதாம். முடி காயறதுக்குள்ள பொழுது சாயுதாம். மண்டையில நீர் கோத்துக்கிச்சாம். மேலுக்குக் குளிக்க ஒரு குழாய் வேணுமாம். அந்தக் கறுப்புக் கல்லைக் குடைஞ்சு குழாய் வச்சா பாக்கச் சகிக்குமா?"

"வெள்ளிக்கிழமையும் டீச்சர் வீடுதானா?"

"அன்னிக்கு மட்டும் நம்ம வீட்டுலயே குளிக்கிறா. தலைக்கு ஊத்திக்கிற நாளாச்சே! அன்னிக்கு மட்டும் என் மழை இனிக்குது. திமிர்தானே இது?"

அம்மையார் ஒரு கீரைத்தண்டைப் படக்கென்று ஒடித்தார்.

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"தலையில மாட்டிக்க ஒரு பிளாஸ்டிக் உறை வாங்கிக் குடுத்தேன். மூஞ்சியில அடிக்காத குறையா வீசிட்டா. இன்னிக்குக் காலையில பெட்டியக் கட்டியாச்சு. சாயங்கால பஸ்ஸுல மக வீட்டுக்குப் போறாளாம். திரும்பி வர மாட்டாளாம். இத்தனை வருஷம் குடும்பம் நடத்திட்டு, ஒரு குழாய்க்காகப் போறாம்மா! நீங்க கூப்பிட்டுப் புத்தி சொல்லணும்."

செண்பகம் சொன்னால் சொன்னதுதான். இன்று ராத்திரி வீட்டில் விளக்குப் போட ஆள் இருக்காது. அது தெரிந்தும் அவருக்குக் கோபம் இறங்கவில்லை.

அம்மையாருக்கும் முகம் சிவந்திருந்தது. ஆனால் ஒன்றும் திட்டவில்லை.

"பசியோட வந்திருப்பீங்க. முதல்ல சாப்பிடுங்க."

உள்ளே இலை போட்டார்கள். சோற்றில் ஆவி பறந்தது. வைத்தியலிங்கம் முற்றத்தோரம் குனிந்து இரண்டு கையையும் நீட்டினார்.

"கைக்குக் கொஞ்சம் தண்ணி ஊத்துங்கம்மா."

அம்மையார் ஒரு குடத்தைத் தூக்கி வந்தார். அப்படியே அவர் உச்சந்தலையில் கவிழ்த்தார்.

"ஐயையோ!" வைத்தியலிங்கம் துள்ளி எழுந்தார். "என்னம்மா இது? கைக்குத்தானே கேட்டேன்!"

"கையும் நனைஞ்சிருக்கே."

"அதுக்காகத் தலையில ஊத்துறதா? சட்டை, வேட்டி எல்லாம் போச்சு! ஒரு மனுஷன் எந்த எடத்துக்குத் தண்ணி கேக்கறானோ, அந்த எடத்துல ஊத்தாம..."

வைத்தியலிங்கம் நனைந்த தலையைத் தொட்டுப் பார்த்தார்.

மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அம்மையார் காலிக் குடத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். துடைத்துக்கொள்ளத் துண்டு தரவில்லை.

வைத்தியலிங்கம் வாசலில் வைத்திருந்த மஞ்சள் பையைத் துழாவிப் போனை எடுத்தார்.

"செண்பகம், கெளம்பிட்டியா? இரு, இரு, வச்சுடாத."

ஈரக் கையால் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"குழாய் எந்த ஒசரத்துல வேணும்?"