அரசன் கேட்ட கனவுநாடு

முன்னொரு காலத்தில், மேகங்கள் கோட்டை மதிலில் இறங்கி இளைப்பாறிவிட்டுப் போகும் முகிலூர் நாட்டை இரணசிங்கன் என்ற அரசன் ஆண்டுவந்தான். காலையில் அவன் கேட்டது மாலையில் அவனுக்கே பிடிக்காது. அவனுடைய அமைச்சர் காளத்தியப்பர் பாதி நாளை அவன் சொன்னதைச் செய்வதிலும், மீதி நாளை அதைக் கலைப்பதிலும் கழித்துவந்தார்.

ஒருநாள் அரசன் தூக்கம் கலையாத கண்களோடு சபைக்கு வந்தான்.

"ஒரு கனவு கண்டேன், அமைச்சரே. ஏதோ ஓர் ஊர். நான் யாரென்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. கால்போன போக்கில் நடந்தேன். ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டேன். 'முதலில் அந்த விறகைத் தூக்கி உள்ளே போடு' என்றாள் ஒருத்தி. போட்டேன். அந்தத் தண்ணீரின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. எனக்கு அந்த ஊர் வேண்டும்!"

சபை திகைத்தது. அலங்கார அதிகாரி பூமாலைராயர் மட்டும் துள்ளி எழுந்தார். அமைச்சர் ஆசனத்தின் மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண்.

"மகாராஜா, கனவென்றால் கண்ணுக்கு விருந்தல்லவா? நான் கட்டித் தருகிறேன். அமைச்சருக்கு அழகைப் பற்றி என்ன தெரியும்?"

"நீர் என்ன சொல்கிறீர், காளத்தியப்பரே?"

"கனவில் மகாராஜா கண்டது ராயருக்கு முக்கியம். மகாராஜா செய்தது எனக்கு முக்கியம்."

அரசனுக்குக் குஷி பிறந்துவிட்டது. அரண்மனைக்குப் பின்னாலிருந்த வெட்டவெளியும் ஆற்றங்கரையும் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. ஆளுக்குப் பாதி நிலம். மரமும் வேலையாட்களும் சரிசமம். அறுவடைக்குள் கட்டி முடிக்க வேண்டும். தோற்றவர் பதவியை விட்டுப் போய்விட வேண்டும்.

ராயர் முதலில் முடித்தார். அவர் நகரத்துக்குள் நுழைந்ததும் காளத்தியப்பருக்கே மூச்சு நின்றுவிட்டது. வெள்ளி இலைகள் மரங்களில் சலசலத்தன. வாசனைப் புகை மூடுபனியாகத் தரையில் தவழ்ந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் மாளிகைகள். மேலே பட்டுத்துணியில் தீட்டிய அந்தி வானம். 'தொலைந்தேன்' என்று நினைத்தார் அமைச்சர்.

அரசன் மயக்கத்தில் நடப்பவனைப் போல நடந்தான். ஒரு மாளிகைக் கதவைத் தள்ளினான். திறக்கவில்லை, சுவரில் தீட்டிய கதவு. அடுத்ததும் அப்படியே. கிணற்றடியில் குடத்தோடு ஒரு பெண் நின்றாள்.

"வாருங்கள் வழிப்போக்கரே, இன்று நல்ல நாள்!"

"உன் பெயரென்ன, அம்மா?"

"வாருங்கள் வழிப்போக்கரே, இன்று நல்ல நாள்!"

"குடம் ஒழுகுகிறதே?"

"வாருங்கள் வழிப்போக்கரே..."

"ராயரே, இவளுக்கு வேறு பேச்சே வராதா?"

"பேச்சுப் பழக்க ஆளில்லை, மகாராஜா. எல்லாரும் இலைக்கு வெள்ளி பூசப் போய்விட்டார்கள்."

அரசன் கொட்டாவி விட்டான்.

ஆனால் காளத்தியப்பரின் வாசலில் நின்றதும் அவன் முகம் இன்னும் சுருங்கியது. உள்ளே மண் குடிசைகள், புழுதித் தெரு, ஓர் ஓட்டைப் படகு.

"இதுவா என் கனவு? எருக்குழி மாதிரி இருக்கிறதே!"

ராயர் வாய்விட்டுச் சிரித்தார். அமைச்சரோ இருந்த ஆட்களையெல்லாம் கதவுகளுக்கும் மனிதர்களுக்கும் செலவழித்துவிட்டார். கூத்துக்காரர்களைக் குடும்பம் குடும்பமாகக் குடிவைத்து, யாருக்கு யார் மேல் கோபம், எதைக் கேட்டால் என்ன சொல்வது என்று பழக்கியிருந்தார். சுண்ணாம்பு பூசக்கூட ஒருவர் மிஞ்சவில்லை. அரசன் உள்ளே கால் வைத்தால்தானே அதெல்லாம் தெரியும்? அவன் திரும்பிவிட்டான்.

அப்போது வாசல்காரன் குரல் கொடுத்தான். "ஏய், யாரப்பா அது? வருவதானால் வா, இல்லையென்றால் மாடு போக வழி விடு!"

கூட வந்த சபையோர் விலகி நின்றார்கள். அரசனின் கை வாளுக்குப் போனது. 'வருகிறவர் யாராயிருந்தாலும் வழிப்போக்கராகவே நடத்து' என்று அமைச்சர்தான் சொல்லிவைத்திருந்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

திறந்தபோது, அரசன் கிரீடத்தைக் கழற்றி ராயர் கையில் கொடுத்துவிட்டு மாட்டுக்குப் பின்னால் உள்ளே போய்க்கொண்டிருந்தான்.

அன்று அவன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மதில்மேல் நின்று பார்த்த அமைச்சருக்கு, படகில் துடுப்புப் போடும் அரசன் தெரிந்தான். பிறகொரு நாள், எல்லாக் கதவுகளும் சாத்தியிருக்கத் தெருவில் தனியே நிற்கும் அரசன். அதற்கும் பிறகு, முழங்கால் சேற்றில் வேலி கட்டும் அரசன்.

ஒருவழியாக வெளியே வந்தவனுக்குக் கையெல்லாம் கொப்புளம்.

"எண்ணெய்க்காரரின் மாட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன், மறந்துவிட்டேன். அது போய் ஒரு விதவையின் கீரைப்பாத்தியை மேய்ந்துவிட்டது. அதன்பின் ஊரில் ஒருவரும் எனக்குக் கதவு திறக்கவில்லை, அமைச்சரே! நான் செய்ததற்கு அங்கே நிஜமாகவே பலன் வருகிறது. வேலி கட்டிக்கொடுத்த பிறகுதான் அவள் கூழ் ஊற்றினாள்."

ராயர் விடவில்லை. "அழகு வேண்டாமா, மகாராஜா?"

"வேண்டும். படகில் போகும்போது மதிலுக்கு மேலே உம்முடைய வெள்ளி இலைகள் மினுங்கின. துடுப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தேன்." அரசன் பொய் சொல்லவில்லை. "அதனால் உம்மைத் துரத்த மாட்டேன். அதிகாரி பதவி மட்டும் போயிற்று. நீர் தீட்டிய கதவு ஒவ்வொன்றையும் நீரே உளி பிடித்துத் திறப்பீர். உள்ளே ஓர் அறை, அறையில் ஓர் ஆள். அது முடிந்த வீட்டுக்கு மட்டும் வண்ணம்."

ராயர் தலைகுனிந்து கிரீடத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"காளத்தியப்பரே, உமக்கு என்ன வேண்டும்? நீரும் உள்ளே போய்வாருமே!"

"எனக்கு அது ஊரில்லை, மகாராஜா. யார் என்ன சொல்வார்களென்று எனக்கு மனப்பாடம்." சொல்லிவிட்டு அமைச்சர் அந்த ஊர் வாசலையே பார்த்தார்.

"போய்த்தான் பாருமே!"

போனார். பனி விலகாத ஆற்றங்கரையில் ஓடக்காரி மங்காத்தா நின்றாள். 'அக்கரைக்கா, இக்கரைக்கா' என்று அவள் கேட்க வேண்டும். அவர்தான் பழக்கியது.

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னய்யா, முகம் இப்படி வாடிக் கிடக்கு? சாப்பிட்டு எத்தனை நாளாச்சு?"

அது அவர் பழக்காத பேச்சு. காளத்தியப்பர் படகில் ஏறி உட்கார்ந்தார். படகு பனிக்குள் போயிற்று.