ஐந்தாவது கொக்கி

"ஏனுங்க டீச்சர், அவன் போட்ட கம்பத்துக்கு மட்டும் நல்ல பேரு. என் கை என்ன வெளங்காத கையா?"

கேட்டவர் ஆறுச்சாமி. தெருவிளக்குக் கம்பங்களுக்குப் பவுடர் கோட்டிங் போடும் கோயம்புத்தூர்ப் பட்டறை ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக ஸ்பிரே கன் பிடிப்பவர்.

டீச்சர் என்பது மரகதம். ஐடிஐயில் பாடம் எடுத்துவிட்டு இங்கே தரம் பார்க்க வந்தவர். ஆறுச்சாமியைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் பட்டறையில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அவரிடம்தான் போவார்கள்.

'அவன்' என்பது திருமூர்த்தி. வந்து ஆறு மாதம்தான் ஆகிறது.

கடற்கரைச் சாலை ஒன்றுக்கு நானூறு கம்பம் போக வேண்டும். உப்புக் காற்று. கோட்டிங் எங்கே மெலிந்தாலும் ஒரே மழைக்காலத்தில் துரு ஏறிவிடும். வெள்ளிக்கிழமை வாங்குகிறவர்கள் வந்து, ஆளுக்கு ஐந்து கம்பம் போடச் சொல்லி அளந்து பார்ப்பார்கள். யாருடையது தேறுகிறதோ அவருக்குத்தான் மொத்த வேலையும். தேறாதவர் கன்னை வைத்துவிட்டுக் கம்பம் கழுவும் தொட்டிக்குப் போக வேண்டியதுதான்.

ஆறுச்சாமிக்கு வயிறு எரிந்தது. திருமூர்த்தியின் டப்பாவில் இருந்த குழம்புகூடத் தன் குழம்பைவிட மணப்பதாகப் பட்டது.

"அவன் கன்னு புதுசுங்க," என்றார்.

மரகதம் கன்னை மாற்றிக் கொடுத்தார்.

சாயங்காலம் இருவர் கம்பத்திலும் கோட்டிங்கின் கனம் காட்டும் மீட்டரை வைத்தார். திருமூர்த்தியுடையதில் எங்கே வைத்தாலும் எண்பது மைக்ரான். ஆறுச்சாமியுடையதில் ஓரிடத்தில் எண்பது, ஓரிடத்தில் நாற்பது.

"அவன் பூத்துல காத்து அடிக்கறதில்லீங்க."

பவுடர் அடிக்க நிற்கும் அந்தத் தடுப்பறையும் மாறியது. திருமூர்த்தி தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு மறுபேச்சில்லாமல் இந்தப் பக்கம் வந்துவிட்டார். அந்த மறுபேச்சில்லாததும் ஆறுச்சாமிக்கு நக்கலாகத்தான் தெரிந்தது.

மறுபடியும் நாற்பது.

"அவனுக்கு உடைச்ச பவுடர் பெட்டி வேறீங்க."

பெட்டியும் மாறியது. நாற்பது முப்பத்தைந்தானது.

வியாழக்கிழமை மத்தியானம் ஆறுச்சாமி வந்து நின்றார்.

"இனி அவன்கிட்ட என்னதானுங்க இருக்குது?"

மரகதம், மின்சாரம் ஓட வழியிருந்தால் கத்தும் டெஸ்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஆறுச்சாமியின் கம்பம் தொங்கிய இடத்துக்கு நடந்தார். ஒரு முனையை மேலே இரும்புச் சட்டத்திலும் மறுமுனையைக் கம்பத்திலும் வைத்தார். சத்தமே இல்லை.

திருமூர்த்தியின் கம்பத்தில் வைத்தார். 'கீ' என்று கத்தியது.

"பவுடர் எப்படிங்க கம்பத்துல போய் ஒட்டுது?"

"கம்பத்துக்கு எர்த் இருந்தா அதுவா தேடிப் போயி ஒட்டுமுங்க."

"எர்த் எது வழியா வருது?"

ஆறுச்சாமி அண்ணாந்து பார்த்தார். கம்பத்தைத் தாங்கிய கொக்கியில் பச்சை, சாம்பல், கறுப்பு என்று அவர் அடித்த எல்லா நிறமும் அடுக்கடுக்காக ஏறியிருந்தது. இரும்பைக் காணவில்லை.

"கொக்கி சுரண்டறது மாட்டி உடற ஆளுக வேலைங்க."

"சாப்பாட்டு நேரத்துல திருமூர்த்தி என்ன பண்றாருன்னு பாத்திருக்கீங்களா?"

ஆறு மாதமாக அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தார்!

"மூலையில உக்காந்து எதையோ தேய்ச்சுட்டிருப்பான். உங்ககிட்ட நல்ல பேரு வாங்கத்தான்னு நெனச்சனுங்க."

மரகதம் டெஸ்டரின் ஒயரைச் சுற்றி வைத்தார்.

"ஒரு அரம் குடுங்க டீச்சர். சாயங்காலத்துக்குள்ள அஞ்சு கொக்கியும் தேய்ச்சுப் போடறேன்."

"ஸ்டோர்ல அரம் இல்லீங்க. திருமூர்த்தி தேய்க்கற அரம் அவரு வீட்டுல இருந்து கொண்டாந்தது."

"நீங்களே வாங்கிக் குடுங்க. கன்னு, பூத்து எல்லாம் நீங்கதான வாங்கிக் குடுத்தீங்க."

"அதெல்லாம் கம்பெனியோடதுங்க," என்று சொல்லிவிட்டு மரகதம் தன் மேசைக்குப் போய்விட்டார்.

மூலைக்கு முப்பதடி இருக்கும். ஆறுச்சாமி அதை நடந்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. ஆறு மாதத்தில் அந்த ஆளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

திருமூர்த்தி குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி," என்றார் ஆறுச்சாமி. "அந்த அரம் கொஞ்சம் வேணும். கொக்கி தேய்க்கோணும்."

திருமூர்த்தி நிமிர்ந்து பார்த்தார்.

"உங்களுதுல நாலு முடிஞ்சுதுங்ணா. அஞ்சாவது உங்க கம்பத்துலயே மாட்டியிருக்குது. கழட்டிட்டு வாங்க."