இரண்டுக்கும் நாலுக்கும் நடுவே

குறைமாதக் குழந்தைகள் வார்டுக்கு மாற்றலாகி வந்தபோது நர்ஸ் அமலோற்பவத்துக்கு வயது ஐம்பத்தொன்று. அந்த வார்டின் பொறுப்பு சிஸ்டர் சித்ரலேகாவுக்கு முப்பத்துமூன்று. யார் யாருக்குச் சொல்லிக்கொடுப்பது என்பதில் இருவருக்குமே கொஞ்சம் கூச்சம் இருந்தது. மூன்றாம் நாள் சித்ரலேகா கூச்சத்தை விட்டுவிட்டாள். அமலோற்பவத்தால் அவ்வளவு சீக்கிரம் விட முடியவில்லை.

அவள் லேசுப்பட்ட ஆள் இல்லை. நரம்பே தெரியாத கையில்கூட ஒரே குத்தில் ஊசி ஏற்றிவிடுவாள் என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பேர்.

அன்று காலை பத்து மணி மருந்து, சுடலைவடிவின் பெண் குழந்தைக்கு. எடை ஒரு கிலோ இருநூறு. மூச்சு விடுவதையே அவ்வப்போது மறந்துவிடும் குழந்தை அது. முந்தின நாள் மட்டும் இரண்டு தடவை மறந்து நீலம் பாரித்துவிட்டது. மருந்து குறைந்தால் மறுபடி மறக்கும். கூடினால் நெஞ்சு தாறுமாறாக அடித்துக்கொள்ளும். தினம் பாயின்ட் மூணு மில்லி, மூக்குக் குழாய் வழியாக.

தட்டில் ஒரு மில்லி, அஞ்சு மில்லி என்று இரண்டு அளவு சிரிஞ்சும் இருந்தன. அமலோற்பவத்தின் கை தானாக அஞ்சு மில்லிக்குப் போனது. ஆண்கள் வார்டில் பன்னிரண்டு வருஷம் அதைத்தான் பிடித்திருந்தாள். ஒரு மில்லி சிரிஞ்சு அவள் விரல்களுக்குப் பிடிபடவே இல்லை.

மருந்தை இழுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். திருப்தியாக இருந்தது.

"எவ்வளவு எடுத்திருக்கீங்க அக்கா?" என்றாள் சித்ரலேகா.

"பாயின்ட் மூணு."

"எந்தக் கோடு?"

அமலோற்பவம் பார்த்தாள். பாயின்ட் ரெண்டுக்கு ஒரு கோடு இருந்தது. அடுத்த கோடு பாயின்ட் நாலு. மூன்றுக்கு யாரும் கோடு போட்டிருக்கவில்லை.

"ரெண்டுக்கும் நாலுக்கும் நடுவுல சிஸ்டர். கண்ணு பார்த்து நிறுத்துனேன்."

சித்ரலேகா திட்டவில்லை. அதுதான் அமலோற்பவத்துக்கு எரிச்சலாக இருந்தது. அந்த மருந்தைக் கொட்டிவிட்டு, ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள் சித்ரலேகா.

"அதே சிரிஞ்சுல பாயின்ட் மூணு எடுங்க. அதே மாதிரி நடுவுல."

எடுத்த தண்ணீரை ஒரு சின்ன மூடியில் விடச் சொன்னாள். அதை ஒரு மில்லி சிரிஞ்சால் உறிஞ்சி நீட்டினாள். அதில் கோடுகள் நெருக்கமாக இருந்தன.

"படிங்க."

"பாயின்ட் ரெண்டு நாலு."

"இன்னொரு தடவை."

"பாயின்ட் மூணு ஏழு."

மூன்றாம் தடவை அமலோற்பவம் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தாள். பாயின்ட் ரெண்டு ஏழு வந்தது.

"ஒரு சொட்டு முன்னப் பின்ன. அவ்வளவுதானே சிஸ்டர்?"

சித்ரலேகா குழந்தை படுத்திருந்த கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தாள்.

"அவளுக்கு மொத்தமே ஆறு சொட்டுதான்க்கா."

அமலோற்பவம் புதிதாக ஒரு சின்ன சிரிஞ்சை எடுத்து மருந்தை இழுத்தாள். கோட்டில் சரியாக நிறுத்தினாள். குழாயில் மெல்ல மருந்தை விட்டாள். குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னும் ஐந்து நிமிஷம் பேசாமல் இருந்திருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். அவளால் முடியவில்லை. அவமானமாக இருந்தது.

"ஆம்பளைங்க வார்டுல எத்தனையோ பேருக்குக் கண்ணு பார்த்துத்தான் குடுத்திருக்கேன் சிஸ்டர். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆனதில்ல. அங்க தப்பாத கை இங்க மட்டும் எப்படித் தப்பும்?"

சித்ரலேகா நோட்டில் மருந்து கொடுத்த நேரத்தை எழுதிக்கொண்டிருந்தாள். எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அங்கயும் தப்பியிருக்கும்க்கா. அவங்க தாங்கிக்கிட்டாங்க."