முழங்கால் வலியைப் பங்கு பிரித்த சடையாண்டி

முன்னொரு காலத்தில், ராஜாவுக்கு ஓர் ஆசை வந்தால் ஊரில் யாருக்காவது முழங்கால் வலித்த காலத்தில், ஒரு நாட்டை ஓர் அரசர் ஆண்டுவந்தார். கெட்டவர் இல்லை. பசித்தவனைக் கண்டால் சோறு போடச் சொல்வார். ஆனால் பசித்தவனைக் காண்பதற்குப் பல்லக்கின் திரையை விலக்க வேண்டும். அது எப்போதாவதுதான் நடக்கும்.

ஒருநாள் அவர் ஏரிக்கரையில் நின்றுகொண்டிருந்தார். காற்று அடங்கியிருந்தது. தண்ணீருக்குள் மேகம் கிடந்தது. கொக்கு ஒன்று தலைகீழாகப் பறந்துபோயிற்று.

"இதன்மேல் நாம் நடக்க வேண்டும்" என்றார் அரசர்.

முடியாது என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ஆகவே கிழக்குப் பக்கம் முழுக்கத் திறந்திருக்கும்படி ஒரு பெரிய மண்டபம் கட்டி, அதன் தரையை ஏரியைப்போல ஆக்கித் தருவது என்று முடிவாயிற்று.

ஏரியைப்போல ஒரு தரை என்று சொல்வது சுலபம். செய்வது வேறு. சுண்ணாம்பை மாவாய் அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் முட்டை வெள்ளையும் சேர்த்துப் பூச வேண்டும். பூச்சு ஈரமாக இருக்கும்போதே வழுவழுப்பான கூழாங்கல்லால் தேய்க்கத் தொடங்கி, காய்ந்து இறுகும்வரை கையை எடுக்காமல் தேய்க்க வேண்டும். நின்றுகொண்டு தேய்க்க முடியாது. முட்டி போட்டு, உடம்பின் பாரத்தையெல்லாம் கையில் இறக்கி, தேய்த்துத் தேய்த்துப் பின்னால் நகர வேண்டும். பாதியில் எழுந்தால் அந்த இடத்தில் வடு விழும். வடு விழுந்தால் அவ்வளவையும் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. சுண்ணாம்பு முட்டித் தோலைத் தின்னும். சுற்றிக் கட்டிய கந்தைத் துணி மதியத்துக்குள் நைந்துபோகும்.

வேலைக்கு ஆள் சேர்த்தபோது அரசர் பறையறைந்து ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். இந்த மண்டப வேலையில் கை கால் கெட்டுப்போகிறவனுக்கு அரண்மனை ஆயுசுக்கும் நெல் அளக்கும், வைத்தியமும் பார்க்கும். அதை நம்பித்தான் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களில் ஒருவன் செங்கோடன்.

மண்டபத் தரையின் கடைசிப் பத்தி அவன் தேய்க்க வேண்டிய பங்கு. பாதி தேய்த்திருந்தபோது வலது முழங்காலுக்குள் ஏதோ நறுக்கென்றது. அவன் எழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, பூச்சு இறுகிக் கல்லாகும்வரை தேய்த்தான். வேலை முடிந்து எழப் பார்த்தபோது முழங்கால் மடங்கிய வாக்கிலேயே பூட்டிக்கொண்டது. கூட இருந்தவர்கள் தூக்கிக்கொண்டுபோய்க் கூலியாட்களின் கொட்டகையில் கிடத்தினார்கள். முட்டி பலாப்பிஞ்சுபோல வீங்கியிருந்தது. அவன் மனைவி காத்தாயி அரண்மனை வாசலுக்குப் போய், சொன்ன நெல்லையும் வைத்தியத்தையும் கேட்டாள்.

கருவூலத்துக்கு அதிகாரி திருமலைக்கொழுந்து. குதிரில் இருந்த நெல் அவருடையதல்ல. ஆனாலும் ஒரு படி குறைந்தால் அவருக்கு வயிறு எரியும். அரண்மனை வைத்தியரையும் சேர்த்துக்கொண்டு அரசரிடம் போனார்.

"அரசே, அந்த முழங்கால் நம் மண்டபத்தில் பிறந்ததல்ல. இங்கே வருமுன் பல ஊர் நடந்திருக்கும். சிறுவயதில் பனை ஏறியிருக்கும். வீட்டில் குந்தியிருக்கும். அந்தத் தேய்மானத்துக்கெல்லாம் அரண்மனை எவ்வாறு பொறுப்பாகும்? மண்டபத்தால் வந்த வலி எவ்வளவோ, அவ்வளவுக்கு மட்டும் நெல் அளப்பதே முறை."

"வயதும் ஒரு காரணம், அரசே" என்றார் வைத்தியர். "தேய்வது முழங்காலின் இயல்பு."

அரசருக்கு இது சரியாகப் பட்டது. காதுக்கு நியாயம்போலக் கேட்கும் பேச்சு அரசர்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

"அப்படியானால் வலியைப் பங்கு பிரித்துச் சொல்லுங்கள்."

திருமலைக்கொழுந்து இதற்குத்தான் காத்திருந்தார். அவையில் சடையாண்டி என்று ஒரு விகடன் இருந்தான். அவன் சொல்வதை அரசர் கேட்பது அதிகாரிக்குப் பிடிக்காது. கேட்டுவிட்டு அரசர் சிரிப்பது அதைவிடப் பிடிக்காது.

"எங்கள் அறிவு அதற்குப் போதாது, அரசே. சடையாண்டியிடம் விடலாம். நாளைக் காலை மண்டபம் திறக்கும் வேளைக்குள் அவர் பிரித்துக் காட்டட்டும். முடியாவிட்டால் அந்தக் கூலியாள் வெறுங்கையோடு கொட்டகையைக் காலி செய்யட்டும். அறிவில்லாத விகடன் அவைக்கு எதற்கு என்பதையும் தாங்கள் அப்போது யோசிக்கலாம்."

"சம்மதம்" என்றான் சடையாண்டி. "அதுவரை அந்த மனிதனின் முட்டிக்கு ஒரு பற்றாவது போடலாமா?"

"கூடவே கூடாது. மருந்து போட்டால் வலி குறையும். குறைந்துபோன வலியை எவ்வாறு பங்கு பிரிப்பது?" என்ற திருமலைக்கொழுந்துக்கு, கொட்டகையில் இருக்கும் மற்ற முட்டிகளின் நினைவும் வந்தது. "அரசே, ஆணை பொதுவாகவே இருக்கட்டும். இந்த மண்டபத் தரையில் கெட்டுப்போகும் முழங்கால் எதுவானாலும், யாருடையதானாலும், அதன் வலியை அவை பங்கு பிரித்து முடிக்கும்வரை அரண்மனை ஆள் எவரும் அதைத் தொடக் கூடாது."

அரசர் தலையசைத்தார். ஆணை பறையறையப்பட்டது.

அன்று மதியம் சடையாண்டி கொட்டகைக்குப் போனான். செங்கோடன் சுவரில் சாய்ந்து, காலைக் கந்தை மூட்டைமேல் வைத்துப் படுத்திருந்தான். காத்தாயி பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள்.

"உன் புருஷன் முழங்கால் எங்கெங்க சுத்திச்சுன்னு கேட்டுட்டு வரச் சொல்லியிருக்காங்க" என்றான் சடையாண்டி.

"எங்க சுத்துச்சு? என்கூட ஒரு திருவிழாவுக்கு வந்திருக்குமா அது? வேலைக்குப் போவும், வேலையிலேர்ந்து வரும்."

"பனை ஏறியிருக்கும்னு அதிகாரி சொல்றாரே."

"எங்க ஊர்ல பனையே கிடையாதுங்க சாமி" என்றான் செங்கோடன். "அவரக் காட்டச் சொல்லுங்க, ஏர்றேன். இப்ப இல்ல, கால நீட்ட முடிஞ்சப்பறம்."

சடையாண்டி பேச்சை மாற்றினான். "தரை என்னவோ நல்லா வந்திருக்குப்பா" என்றான்.

காத்தாயி விசிறுவதை நிறுத்தினாள். "மண்டி போட்டுப் பார்த்தீங்களா?"

"நின்னுதான் பார்த்தேன்."

"அப்ப பார்க்கலேன்னு சொல்லுங்க. இந்த மனுசன் தினம் முட்டியில ரத்தத்தோட வந்து உக்காந்துக்கிட்டு, இன்னிக்கு ஒரு பருந்தைத் தேய்ச்சேன்டி, இன்னிக்கு மேகத்து மேல கல்லை ஓட்டுனேன்டின்னு சொல்லும். வெயில்ல கிறுக்குப் புடிச்சிருச்சுன்னு நெனச்சேன்."

"சும்மா இரு புள்ள" என்று செங்கோடன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சடையாண்டி நேரே மண்டபத்துக்குப் போனான். உள்ளே யாரும் இல்லை. நின்று பார்த்தான். பளபளப்பான வெள்ளைத் தரை, அவ்வளவுதான். முட்டி போட்டு, கையை ஊன்றி, முகத்தைத் தாழ்த்திக் கிழக்கே பார்த்தான்.

தரை இல்லை. தூண்கள் மேலே போகிற அளவுக்குக் கீழேயும் போயின. அவற்றுக்கு நடுவே ஆகாயம் அடியில்லாமல் இறங்கியது. அவன் மூச்சுப் பட்ட இடத்தில் மேகத்தின்மேல் ஆவி படிந்து மறைந்தது. கையை எடுத்தால் விழுந்துவிடுவோம் என்று பயம் வந்தது. மனிதர்கள் ஒரு பக்கம் ரத்தம் விட்டுக்கொண்டே மறுபக்கம் இதைச் செய்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். எழ முயன்றபோது முட்டி சுரீரென்றது. தூணைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தான். எழுந்ததும் மறுபடி வெறும் வெள்ளைத் தரை.

மறுநாள் காலை அவை முழுவதும் மண்டபத்தில் கூடியது. அரசர் வெறுங்காலோடு நடந்து பார்த்தார். "நன்று" என்றார். குரலில் பாதி ஏமாற்றம் இருந்தது.

"அரசே, தாங்கள் கேட்டது இன்னும் தங்கள் கண்ணில் படவில்லை" என்றான் சடையாண்டி. "மண்டியிட்டுப் பார்க்க வேண்டும்."

"அரசர் மண்டியிடுவதா?" என்று திருமலைக்கொழுந்து பதறினார்.

"ஆகாயத்தைத் தரையில் கேட்டவர் அரசர். அது தரையில்தான் கிடக்கிறது."

அரசருக்கு ஆவல் தாங்கவில்லை. வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு மண்டியிட்டார், குனிந்தார். அப்புறம் வெகுநேரம் அசையவில்லை. பிறகு அரசர் ஒரு கையை முன்னால் வைத்தார், மறு கையை வைத்தார், தவழ ஆரம்பித்தார். அவர் நகர நகர ஆகாயமும் நகர்ந்தது. தூண் தூணாகக் கடந்து, கிரீடம் சரிந்து காதில் தொங்க, மண்டபத்தின் கிழக்கு விளிம்பு வரைக்கும் முட்டியாலேயே போனார். கண்ணில் நீர் தளும்பியது. இத்தனை காலம் அவர் ஆண்ட நாட்டில் இப்படியொன்றைச் செய்யத் தெரிந்த கைகள் இருந்தன என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

அங்கே போய் எழ முயன்றார். "அப்பா" என்று மட்டும் குரல் வந்தது. முழங்கால் பூட்டிக்கொண்டது.

காவலர்கள் ஓடினார்கள். சடையாண்டி குறுக்கே நின்று கையை விரித்தான். "தொடாதீர்கள். அரச ஆணை."

"முட்டாளே, அது கூலியாட்களுக்கான ஆணை" என்றார் திருமலைக்கொழுந்து.

"யாருடையதானாலும் என்று சேர்த்தவர் தாங்கள். இந்தத் தரையில் ஒரு முழங்கால் கெட்டிருக்கிறது. பங்கு பிரிக்காமல் எவரும் தொடலாகாது."

"சடையாண்டி, வலிக்கிறது" என்றார் அரசர், பல்லைக் கடித்துக்கொண்டு. "தூக்கச் சொல்."

"இதோ, அரசே. ஒரே ஒரு பதில் வந்தால் போதும்." அவன் வைத்தியரிடம் திரும்பினான். "வைத்தியரே, அரசரின் முழங்காலும் இந்த மண்டபத்தில் பிறந்ததல்ல. குதிரை ஏறியிருக்கிறது. விருந்து உண்ட உடம்பைச் சுமந்திருக்கிறது. வயதும் ஒரு காரணம் என்று நேற்றுச் சொன்னீர்கள். இந்த வலியில் அரசரின் வயதுக்கு எவ்வளவு, உடற்பாரத்துக்கு எவ்வளவு, தரைக்கு எவ்வளவு?"

வைத்தியர் திருமலைக்கொழுந்தைப் பார்த்தார். இருவரும் அரசரைப் பார்த்தார்கள். அரசர் கீழேயிருந்து, நரைத்த மீசை துடிக்க, அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அரசருக்கு வயதா?" என்றார் வைத்தியர். "அரசரின் முழங்கால் மான்குட்டியின் முழங்கால். வலி முழுவதும் தரையால் வந்தது."

"முழுவதுமா?"

"முழுவதும்" என்றார் திருமலைக்கொழுந்தும் அவசரமாக. "பாரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பொல்லாத தரை, அரசே, மிகவும் பொல்லாத தரை."

"அவையோர் கேட்டுக்கொள்ளுங்கள்" என்றான் சடையாண்டி. "ஒரு பானைச் சோறு வேகும் நேரத்தில், மான்குட்டியின் முழங்காலை, வேறு காரணம் ஒன்றுமே இல்லாமல் பூட்டிப்போட்ட தரை இது. இதே தரையில் செங்கோடன் ஐப்பசி மழை விட்டதிலிருந்து சித்திரை வெயில்வரை முட்டி போட்டிருந்தான். பங்கை நான் பிரிக்கவில்லை. அதிகாரியும் வைத்தியரும் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள்."

அரசரின் வயிறு முதலில் குலுங்கியது. பிறகு சிரிப்பு வெடித்தது. சிரித்தால் முழங்கால் வலித்தது, வலித்தால் இன்னும் சிரிப்பு வந்தது. "தூக்குங்கள், தூக்குங்கள்" என்று சிரித்தபடியே கையை நீட்டினார். காவலர்கள் அவரைத் தூக்கி ஆசனத்தில் உட்காரவைத்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் அவர் கேட்டார். "அந்தச் செங்கோடன், வலித்தவுடன் எழுந்திருக்கலாமே?"

"எழுந்திருந்தால் வடு விழுந்திருக்கும், அரசே. தங்கள் ஆகாயத்தில் அந்த இடத்தில் ஓர் ஓட்டை இருந்திருக்கும்."

அரசர் செங்கோடன் தேய்த்த கடைசிப் பத்தியைப் பார்த்தார். ஓட்டை இல்லை.

"வைத்தியரே, நம் காலை அப்புறம் பார்க்கலாம். கொட்டகைக்குப் போங்கள். முதலில் அவன் கால், பிறகு மற்றவர்கள் கால். திருமலைக்கொழுந்து, செங்கோடன் வீட்டுக்கு நெல்லை நீங்களே கொண்டுபோய் அளந்துவிட்டு வாருங்கள். ஆயுசுக்கும்."

தன் கையிலிருந்த பொற்காப்பைக் கழற்றிச் சடையாண்டிக்குப் போட்டார். "இன்னும் என்ன வேண்டும்?"

"கூலியாளின் வலியைப் பங்கு பிரித்துப் பேச விரும்பும் அதிகாரி எவரானாலும், இனி இந்தத் தரையில் முட்டி போட்டபடியே பேச வேண்டும், அரசே."

அரசர் மறுபடி சிரித்து, அப்படியே ஆணையிட்டார். அதற்குப் பிறகு அந்த நாட்டில் இந்த மாதிரி வழக்குகளெல்லாம் மிகவும் சுருக்கமாக முடிந்தன.

ஒரே ஒரு தடவை திருமலைக்கொழுந்து துணிந்து வந்தார். இன்னோர் அரண்மனைக் கட்டட வேலையில் சாரத்திலிருந்து சறுக்கி விழுந்து முட்டி உடைந்த ஒரு சித்தாள் பெண்ணின் வழக்கு அது. அவள் குதிகாலில் பழைய வெடிப்பு இருந்தது, அதனால்தான் சறுக்கினாள் என்று பேசத் தயாராக வந்திருந்தார். முட்டி போட்டார். வாயைத் திறந்தார். அவர் தாடைக்கு அடியில், தரைக்குள், ஒரு மழைமேகம் மெதுவாக வந்துகொண்டிருந்தது.

வாயை மூடினார். பிறகு, "அந்தப் பெண்ணுக்கு நெல்லை அளந்துவிடுங்கள்" என்றார்.

சொல்லி முடித்த பிறகும் அவர் எழவில்லை. கால் பூட்டிக்கொண்டதா, பார்த்துக்கொண்டிருந்தாரா என்று அவையில் ஒருவருக்கும் தெரியவில்லை.