வடிவுக்கு ஒரு படம்

"எவ்வளவு கூட்டினாலும் முகம் தெரிய மாட்டேங்கே, டீச்சரம்மா" என்றார் உலகநாதன்.

"எதைக் கூட்டுனிய, அண்ணாச்சி?"

"வெளிச்சத்தை."

"யாருக்கு?"

அவர் கம்ப்யூட்டர் திரையில் இருந்த படத்தைப் பார்த்தார். மாப்பிள்ளை, சம்பந்தி, தாம்பூலத் தட்டு எல்லாம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துக் கிடந்தன. பின்னால் அடுப்படி வாசலில் நின்ற வடிவின் முகம் மட்டும் அப்படியே இருட்டில் இருந்தது.

"எல்லாருக்கும் கூடிட்டு" என்றார். "அவளுக்கு மட்டும் கூடல."

இந்தக் கதையில் குருவுக்கு வயது குறைவு, சீடருக்கு அதிகம். தென்காசியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் ஜெபராணிக்கு முப்பத்தைந்து இருக்கலாம். உலகநாதன் ஓய்வுபெற்றவர். போன வாரம் அவர் மனைவி வடிவு இறந்துபோனாள். பதினாறாம் நாள் காரியத்தில் மாலை போடப் படம் வேண்டும்.

முதல் நாள் அவர் வந்து செல்போனை நீட்டி, "இதுல இருந்து முகத்தை மட்டும் வெட்டி எடுத்துக் குடுத்துரும்மா. நீலக் கலர்ல பின்னணி. கழுத்துல ஒரு சங்கிலி" என்றார்.

இது புதிய வேண்டுகோள் அல்ல. நம் ஊரில் செத்துப்போனவர்கள் எல்லோரும் நீலப் பின்னணியில்தான் நிற்கிறார்கள். பாதிப் பேர் கழுத்தில் கிடக்கும் நகை ஸ்டூடியோக்காரர் போட்டது.

"சங்கிலி போட்டிருந்தாங்களா?" என்று கேட்டாள் ஜெபராணி.

"போட்டிருக்கணும்."

அவள் செல்போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நான் செய்ய மாட்டேன், அண்ணாச்சி."

"ஏம்மா?"

"நான் அவங்களப் பாத்தது கிடையாது. நான் சரிபண்ணுனா எனக்குப் பிடிச்ச ஒரு முகம்தான் வரும். நீங்க கூட வாழ்ந்தவுக. உக்காருங்க, சொல்லித்தாரேன். நீங்களே செய்யுங்க."

அன்றிலிருந்து அவர் அவளை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்.

வேறு படம் இல்லையா என்று அவள் கேட்கத்தான் செய்தாள். ஆதார் அட்டையில் இருக்கிறது என்றார் அவர். "அது வேண்டாம். அதுல பெத்த தாய்க்கே பிள்ளைய அடையாளம் தெரியாது" என்றாள்.

அவர் செல்போனில் படத்துக்குப் பஞ்சமே இல்லை. சீசனில் குற்றாலம், தேரோட்டம், பேரனின் முதல் பல், வாசலில் பூத்த செம்பருத்தி. உறவில் எந்த விசேஷம் என்றாலும் படம் எடுப்பது அவர்தான். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. எல்லாவற்றிலும் தேடி, மகள் கோமதியின் நிச்சயதார்த்தப் படம் ஒன்றில்தான் வடிவு கிடைத்தாள். அதுவும் அவளை எடுத்த படம் அல்ல.

"நான் எடுக்கும்போதெல்லாம் அவ அடுப்படியில இருப்பா" என்றார்.

ஜெபராணி அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள்.

"வெளிச்சத்த விட்ருங்க" என்றாள் இப்போது. "நிழல்னு தனியா ஒரு கோடு இருக்கு பாருங்க. அதை மட்டும் தள்ளுங்க. இருட்டுல நிக்கவங்களுக்கு மட்டும் ஏறும்."

தள்ளினார். இருட்டுக்குள்ளிருந்து ஒரு நெற்றி வந்தது. பிறகு கன்னம். கன்னமெல்லாம் மணல் தூவினதுபோல் புள்ளி புள்ளியாக இருந்தது.

"இன்னும் கிட்ட கொண்டாரணும்."

"வெட்டிப் பெருசாக்குங்க."

பெரிதாக்கினார். முகம் கட்டம் கட்டமாக உடைந்தது.

"ஏன் இப்படிப் போவுது?"

"கேமரா அவங்களுக்குக் குடுத்தது அவ்வளவுதான், அண்ணாச்சி. மிச்சத்தையெல்லாம் முன்னால நின்னவங்களுக்குக் குடுத்துட்டு."

உலகநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் அழுக்கு ஒன்றும் இல்லை.

வெட்டின அளவைக் கொஞ்சம் தளர்த்தினார். புள்ளிகளைக் குறைக்கக் கற்றுக்கொண்டார். அடுப்படி பல்பு முகம் முழுக்க மஞ்சளை அப்பியிருந்தது. அதை எப்படி எடுப்பது என்று கேட்டார்.

"அவங்க என்ன நிறம்?"

"மாநிறம்."

"எந்த மாநிறம்?"

"மாநிறம்னா மாநிறம்தான். அதுல என்ன எந்த?"

எரிச்சலோடுதான் சொன்னார். ஆனால் கோட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்திக்கொண்டே இருந்தார். ஒரு முறை தூத்துக்குடி வெயிலில் நாள் முழுக்க நின்றவளைப்போல் கறுத்தாள். ஒரு முறை பவுடர் பூசினவள்போல் வெளுத்தாள். எங்கே நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் நடுவில் நிறுத்தினார்.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். ஜெபராணி கல்யாண ஆல்பங்களில் மூழ்கியிருந்தாள். இவர் மூலையில் தனியாக உட்கார்ந்து மவுசோடு மல்லுக்கட்டினார்.

ஒரு மாலையில், "டீச்சரம்மா, வந்துட்டா" என்றார்.

ஜெபராணி எழுந்து வந்தாள். திரையில் நீலப் பின்னணியில் ஒரு பெண் இருந்தாள். நல்ல முகம். நகை இல்லை. நாலைந்து நாளில் இந்த அளவுக்கு எவரும் கற்றுக்கொண்டதை அவள் பார்த்ததில்லை.

அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு பழைய படத்தையும் பக்கத்தில் திறந்து பார்த்தாள்.

"இடது கண்ணுல ஏதும் செஞ்சியளா?"

"ஆமா. அது சின்னதா விழுந்திருந்துச்சு. வலது கண்ணைப் பிரதி எடுத்து, திருப்பி வச்சு ஒட்டிட்டேன். ஒட்டுனது தெரியுதா?"

"தெரியல. அவ்வளவு சுத்தமா இருக்கு."

அவர் முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது.

"அந்தக் கண்ணு, படத்துல விழுந்த குறையா? இல்ல, முகமே அப்படியா?"

"படம்தான். நிழல் அடிச்சிருக்கும்."

"நல்லாத் தெரியுமா?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"கட்டுன பொஞ்சாதி முகம் எனக்குத் தெரியாதா?"

ஜெபராணி மேசையில் கிடந்த செல்போனை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"மகளுக்கு அனுப்புங்க. பிரிண்ட் போடுறதுக்கு முன்னால வீட்டுல இன்னொருத்தர் பாக்கணும். இந்தக் கடையில வழக்கம்."

வாட்ஸ்அப்பில் அனுப்பினார். உடனே கோமதி கூப்பிட்டாள். அவர் எப்போதும்போல் ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, நீங்களா செஞ்சிய?" அவள் அழுதுகொண்டிருந்தாள். "சேலை, நெத்தி, முடி எல்லாம் அம்மாதான். ஆனா..."

"ஆனா என்னம்மா?"

"அம்மா கண்ணு எங்கப்பா?"

"ரெண்டும் இருக்கே. நல்லாப் பாரு."

"அம்மாவுக்கு இடது கண்ணு சின்னதுல்லா. சிரிச்சா அது மூடியே போயிருமே."

உலகநாதன் திரையைப் பார்த்தார். இரண்டு கண்களும் ஒரே அளவில் அவரைப் பார்த்தன. அவள் சிரித்த முகத்தை நினைத்துப் பார்த்தார். இன்னொரு முறை நினைத்துப் பார்த்தார். வரவில்லை.

"எப்ப இருந்தும்மா?" என்று கேட்டார்.

அந்தப் பக்கம் அழுகை நின்றது. ஜெபராணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்பா" என்றாள் கோமதி. "நெசமாத்தான் கேக்கியளா?"