ஒரு மயிரிழை சுருதி

ஒரு காலத்தில் வாத்தியங்களுக்கென்று தனியாக ஒரு ராஜ்யம் இருந்தது. அங்கே சுருதிப்பெட்டிக்கு இருந்த மரியாதை வேறு யாருக்கும் கிடையாது. விடிந்ததும் எல்லா வாத்தியங்களும் அதன் வாசலில் வந்து நிற்கும். பெட்டி தன் துருத்தியை விரித்து 'ஸா' என்று ஒரு நீண்ட மூச்சு விடும். வீணை பிரடையைத் திருகித் தந்திகளைச் சேர்த்துக்கொள்ளும். மிருதங்கம் ஓரத்தில் நாலு தட்டு வாங்கிக்கொண்டு சேர்ந்துவிடும். அதற்கப்புறம்தான் அந்த ஊரில் கல்யாணமோ கச்சேரியோ.

புல்லாங்குழல் மட்டும் எதையும் திருகாது. திருகுவதற்கு அதனிடம் என்ன இருக்கிறது? அதன் துளைகளே அந்தச் சுருதிக்குப் போட்டவை. வரும், ஒரு தரம் ஊதிப் பார்க்கும், "சரியா இருக்குண்ணே" என்று சொல்லிவிட்டுப் போகும். ஊரில் இருந்தது அந்த ஒரு குழல்தான். பெட்டிக்கும் அதற்கும் நல்ல சிநேகம். சாயங்காலம் இரண்டும் சேர்ந்து உட்கார்ந்துவிட்டால் மற்ற வாத்தியங்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து கேட்கும்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த ஊரில், மேடையில் யார் முன்னால் உட்காருவது என்று ஒரு சண்டை வந்தது. அதைத் தீர்க்கத் துப்பில்லாமல், இருப்பதிலேயே சத்தமாகக் கத்துகிறது என்ற ஒரே தகுதியைப் பார்த்து எக்காளத்தைக் கொண்டுவந்து ராஜாவாக்கினார்கள். புத்தி எங்கே போயிற்று என்று என்னைக் கேட்காதீர்கள். நானும் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன்.

எக்காளத்துக்குத் தெரிந்தது ஒரே ஒரு ஸ்வரம். அதுவும் ஊர்ச் சுருதிக்கு ஒரு மயிரிழை மேலே நின்றது. பட்டாபிஷேகத்தன்று அது ஊதியபோது வீணையிலிருந்து தவில் வரை எல்லோருக்கும் முகம் சுளித்துவிட்டது. ராஜா அதைப் பார்த்துவிட்டது.

மறுநாள் காலை சுருதிப்பெட்டியின் வீட்டுக்கு அரண்மனையிலிருந்து அரம் வந்தது. இரும்பை ராவுகிற அரம்தான். ஆனால் பேச்சு மட்டும் வெண்ணெய்.

"ராஜா சுருதி விலகறார்னு ஊர்ல பேசிக்கறாங்க ஐயா."

'விலகத்தானே செய்யறார்' என்று வாய்வரை வந்ததைப் பெட்டி விழுங்கிக்கொண்டது.

"ராஜா விலக முடியாதுங்களே. அப்போ விலகினது நீங்களாத்தானே இருக்கணும்?" என்றது அரம். "உங்களுக்குள்ள ஸா குடுக்கற பித்தளை ரீடு, அதோட நுனியை ஒரு மயிரிழை ராவிட்டா சுருதி ஏறிடும், எல்லாம் சரியாப்போயிடும். அரண்மனையிலயே உங்களுக்கு இடம். வெல்வெட் உறை தைக்கச் சொல்லியாச்சு. முடியாதுன்னாலும் பரவாயில்லை, வேற பெட்டி பார்த்துக்கறோம். பழைய மரமெல்லாம் வெந்நீர் அடுப்புக்குப் போயிட்டிருக்கு, கேள்விப்பட்டிருப்பீங்க. நாளைக்கு வரேன்."

சாயங்காலம் குழல் ஓடி வந்தது.

"அண்ணே, ஒத்துக்கப்போறீங்களாமே?"

"ஒத்துக்கறதாவது. யோசிக்கிறேன்."

"இதுல யோசிக்க என்னண்ணே இருக்கு? வீணை அக்கா முறுக்கிக்குவாங்க. மிருதங்கம் ரெண்டு தட்டு கூட வாங்கிக்கும். எனக்குத் துளை போட்டது போட்டதுதான். நீங்க ஏறிட்டா நான் எங்க போவேன்?"

"இதோ பார், நான் மாட்டேன்னா வேற பெட்டி வரும். அது ரெண்டு மயிரிழை ஏத்தும். நான் இருந்தா ஒண்ணோட நிறுத்துவேன். ஊருக்காகத்தான் பண்றேன்."

"நான் ஊர்ல சேர்த்தி இல்லையாண்ணே?"

"எதையாவது பெரிசு பண்ணிக்கிட்டு நிக்காதே. உதட்டைக் கொஞ்சம் மாத்தி வெச்சு அழுத்தி ஊது. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்."

உறை சிவப்பா நீலமா என்று அரண்மனையிலிருந்து கேட்டு அனுப்பியிருந்தார்கள். பெட்டிக்கு அதை வேறு யோசிக்க வேண்டியிருந்தது.

ராவினார்கள். ஒரு நிமிஷ வேலை. பொடியாக ஒரு சிட்டிகை பித்தளை கீழே விழுந்தது, அதையும் ஊதித் துடைத்துவிட்டார்கள். அடுத்த நாள் எல்லா வாத்தியங்களும் வழக்கம்போல வந்து, வழக்கம்போலச் சேர்த்துக்கொண்டன. வீணைக்கு மட்டும் ஒரு தந்தி அறுந்தது. "என்னமோ இன்னிக்கு இழுக்குது" என்று முணுமுணுத்துக்கொண்டே வேறு தந்தி போட்டுக்கொண்டது. அதற்குச் சந்தேகம் வரவில்லை என்று நினைக்கிறீர்களா? வந்தது. பெட்டியே சொல்லும்போது நாம் யார் என்று வாயை மூடிக்கொண்டது. அன்று ராஜா ஊத, சபையே சேர்ந்து ஒலித்தது. நம் பெட்டி சிவப்பு உறைக்குள் உட்கார்ந்துகொண்டு, பரவாயில்லையே, ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லையே என்று தன்னைத் தானே தட்டிக்கொடுத்தது.

ஒரே ஒரு குரல் மட்டும் தனியாகக் கேட்டது. குழல்.

மூன்றாம் நாள் அதைச் சபைக்கு இழுத்து வந்தார்கள். குற்றம், ராஜாவின் சுருதியில் சேராமல் ஊதியது. விசாரணைக்கு நாற்பது சாட்சியா வேண்டும்? பெட்டி ஸா கொடுக்கட்டும், குழல் ஊதட்டும், சேர்கிறதா என்று பார்த்துவிடலாம் என்றது ராஜா. கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

குழல் பெட்டியைப் பார்த்தது. "அண்ணே, பழைய ஸா குடுங்க. துருத்தியை மெதுவா விட்டுப் பாருங்க. இல்லேன்னா வாயாலயாவது சொல்லுங்க, யாரு நகர்ந்ததுன்னு."

சொல்லியிருக்கலாம். 'நகர்ந்தது நான்' என்று இரண்டே வார்த்தை. அந்தச் சபையில் அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அதுதான். மற்றவர்கள் சொன்னால் அபிப்பிராயம், பெட்டி சொன்னால் சுருதி. ஜால்ராகூட அன்றைக்குச் சத்தம் போடாமல் பெட்டியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

பெட்டி துருத்தியை விரித்து ஸா கொடுத்தது. புது ஸா. குழல் கண்ணை மூடிக்கொண்டு, தனக்குத் தெரிந்ததை ஊதியது. இரண்டும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நின்றது சபை முழுக்கக் கேட்டது.

"கேட்டீங்களா?" என்றது அரம்.

அத்தோடாவது பெட்டி சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. குழலைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பியது. அதைச் சொல்லவே எனக்கு எரிச்சலாக வருகிறது. "மகாராஜா, நல்ல பையன்தான். பயிற்சி போதாது, அவ்வளவுதான். ஆறு மாசம் என்கிட்ட விட்டா சரியாக்கிடுவேன்" என்றது.

"அப்போ சேரலைன்னு நீயே சொல்றே," என்றது ராஜா.

குழல் பெட்டியையே பார்த்துக்கொண்டு போனது. அன்று சாயங்காலம் அரண்மனையில் எல்லோருக்கும் நல்ல சூடான வெந்நீர் கிடைத்தது.

அப்புறமும் ஒரு மயிரிழையோடு நின்றதா என்றால், எங்கே நின்றது? வெயில் காலம் வந்தால் எக்காளத்தின் குரல் இன்னும் கொஞ்சம் ஏறும். உடனே அரம் வரும், "ஐயா, சிரமத்துக்கு மன்னிக்கணும்" என்று. ஏழு கோடை. ஏழு தரம். ஒவ்வொரு தரமும் பெட்டி அதையேதான் சொல்லிக்கொண்டது: வேறு பெட்டியாக இருந்தால் இன்னும் அதிகம் ராவியிருப்பார்கள்.

எட்டாம் வருஷம் அடைமழையில் எக்காளத்தின் பற்றவைத்த இடம் விட்டுப்போயிற்று. ஊதினால் காற்று மட்டும் வந்தது. கத்த முடியாத எக்காளத்துக்கு யார் பயப்படுவார்கள்? பரணில் தூக்கிப் போட்டார்கள். அரம் அன்றைக்கே பெயரை மாற்றிக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போய்விட்டதாகக் கேள்வி.

மறுநாள் விடிந்ததும் வாத்தியங்கள் பெட்டியின் வாசலுக்கு வந்தன. இழுத்து இழுத்து வீணையின் கழுத்தே வளைந்திருந்தது. மிருதங்கத்துக்கு ஓரமெல்லாம் பிய்ந்திருந்தது.

"பழைய ஸா குடு," என்றது வீணை.

"அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன்," என்று பெட்டி ஆரம்பித்தது. உறையைக் கழற்றி ஒளித்து வைத்திருந்தது. "நான் உள்ள இருந்தே எதிர்த்தேன். யாருக்கும் தெரியாது. ரெண்டு மயிரிழை கேட்ட இடத்துல ஒண்ணுதான்..."

"ஸா குடுன்னேன்."

பெட்டி துருத்தியை விரித்தது. ராஜாவின் ஸா வந்தது. மூடிவிட்டு மறுபடி விரித்தது. அதுவேதான் வந்தது. மெதுவாக விட்டுப் பார்த்தது, பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தது. ராவிப்போன பித்தளை திரும்ப எங்கிருந்து வந்து ஒட்டும்? சரி, ரீடுதான் போயிற்று, மனசில் இருக்குமே என்று தேடியது. ஏழு வருஷமாக ஏறி ஏறி வந்த ஸாதான் அங்கேயும் இருந்தது.

முதல் தரமாக அதற்குப் பயம் வந்தது. உண்மையான பயம்.

"எனக்கு நினைவில்லை," என்றது. "உங்கள்ல யாருக்காவது ஞாபகம் இருக்கா?"

"நாங்க உன்னைக் கேட்டுத்தானே சேர்த்துக்கிட்டோம்," என்றது மிருதங்கம். "நீ ஏறினே, நாங்களும் ஏறினோம். எங்ககிட்ட எது பழசு?"

"அப்போ யார்கிட்டயுமே இல்லையா?"

வீணை தன் வளைந்த கழுத்தை மெல்லத் திருப்பி அதைப் பார்த்தது.

"ஒருத்தன் வெச்சிருந்தான்," என்றது. "அவனுக்குத்தான் பயிற்சி போதாதுன்னு சொன்னே."