நாற்காலி ஆன வளையல்காரன்

முன்னொரு காலத்திலே, மரங்கள் மனிதர்களோடு பேசிப் பேசி அலுத்துப்போய் வாயை மூடிக்கொண்ட புதிதிலே, மஞ்சணத்தி நாடு என்று ஒரு நாடு இருந்தது. அங்கே சடையாண்டி என்று ஒரு வளையல் வியாபாரி. தங்கமான மனுஷன். கேட்டவருக்கு இல்லையென்று சொல்லமாட்டான். ஆனால் வீட்டில் ஒரு சாமான் பழுதானால் மட்டும் அவன் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. கதவு கிறீச்சிட்டால் காதில் விழாது. கட்டில் ஆடினால் அவனுக்குத் தாலாட்டு.

அவன் பெண்சாதி பூவாத்தாள் தச்சர் வீட்டில் பிறந்தவள். "ஏங்க, அந்த நாற்காலிக் கால் ஆடுதுங்க" என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஆடட்டுமே பூவா, நாமளா ஆடுறோம்?" என்பான்.

"சரி, நானே பார்க்கிறேன்" என்று அவள் உளியை எடுத்தால், "ஊர்ல என்ன சொல்லுவாங்க, நான் பார்த்துக்கிறேன் விடு" என்று பிடுங்கிப் பரணில் வைத்துவிடுவான். தானும் செய்யான், செய்கிறவளையும் விடான்.

ஒருநாள் காலையில் வாசலில் வந்து நின்றவன் யார் தெரியுமா? மலைமேல் மாளிகை கட்டிக் குடியிருந்த மந்திரவாதி கொக்கிமூக்கன்! பூசணிக்காய் நுழையும் அளவுக்கு வளையல் கேட்டான். எதற்கு என்றால், அவனுடைய பூதங்களுக்காம். சடையாண்டி பதறிப்போய், "உட்காருங்க சாமி" என்று கைக்குக் கிடைத்த நாற்காலியை இழுத்துப் போட்டான். எந்த நாற்காலி? அதே நாற்காலி!

மந்திரவாதி உட்கார்ந்தான். கால் மடங்கியது. தலை கீழே, கால் மேலே, வளையல் பெட்டிக்குள் போய் விழுந்தான். அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. சடையாண்டி அடக்கமுடியாமல் சிரித்துத் தொலைத்தான்.

கொக்கிமூக்கன் எழுந்தான். கண் இரண்டும் கனல். "உட்கார வந்தவரை ஆடவைத்துச் சிரித்தவன் எவனோ, அவன் பிறர் உட்காரும் கட்டையாகட்டும்" என்றான்.

அவ்வளவுதான். சடையாண்டி நின்ற இடத்தில் ஒரு தேக்கு நாற்காலி நின்றது. சாய்வுப் பலகையில் மூன்று கீறல். உட்காரும் பலகையில் ஒரு பள்ளம். முன்னங்கால் ஒன்று லொடலொட.

பூவாத்தாள் ஓடிவந்து கைகூப்பினாள். "சாமி, அவர் சிரிச்சது தப்புதான். என் மனுஷனைத் திருப்பிக் கொடுத்துடுங்க."

"மூன்று பழுது இருக்கிறது" என்றான் மந்திரவாதி. "கீறல், பள்ளம், ஆட்டம். மூன்றையும் நீயே சரிசெய்து, பொழுது சாயுமுன் என் மாளிகைக்குக் கொண்டுவா. நான் உட்காரும்போது ஆடாமல் நின்றால் அவன் உனக்கு. ஆடினால் எனக்கு. இது என் வாக்கு." சொல்லிவிட்டுப் புகையாய்ப் போனான்.

பூவாத்தாள் அழுதாளா? அழுதாள். அழுதுகொண்டே பரணில் ஏறி உளியை எடுத்தாள்.

முதலில் கீறல். கொப்பரைத் தேங்காயை உடைத்து, உடைத்த பக்கத்தால் கீறலின்மேல் தேய்த்தாள். தேய் தேய் என்று தேய்த்தாள். எண்ணெய் மரத்துக்குள் இறங்க இறங்க வெளிறிய கோடு கறுத்துக் கறுத்து, மரத்தின் நிறத்தோடு கலந்துவிட்டது. துணியால் துடைத்தாள். உடனே நாற்காலியிலிருந்து ஒரு குரல்: "பூவா, முதுகுல அரிப்பு நின்னுபோச்சு." பேச்சு வந்துவிட்டது! 

அடுத்தது பள்ளம். ஈரத்துணியை நாலாக மடித்துப் பள்ளத்தின்மேல் போட்டாள். செம்பிலே நெருப்புக் கங்குகளை அள்ளிப்போட்டுத் துணிமேல் வைத்தாள். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. நசுங்கிக் கிடந்த மரம் ஆவியைக் குடித்துக் குடித்து உப்பி மேலே வந்தது. "சுடுதுடி" என்றது நாற்காலி. "ஒரு மாசம் சொன்னேனே, கேட்டீங்களா? பொறுத்துக்கோங்க" என்றாள். மூன்று தடவை வைத்து எடுத்தாள். பள்ளம் சமமாயிற்று. தடவிப் பார்த்தால் பலகைக்குள் திக் திக் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

கடைசியில் ஆட்டம். காலைக் கழற்றினாள். துளையிலிருந்த பழைய பசையைச் சுரண்டினாள். தச்சர்கள் காய்ச்சும் வஜ்ஜிரப் பசையைக் காய்ச்சி, மரத்தூளைக் கலந்து பூசி, காலைச் செருகி, ஒரு சின்ன ஆப்பும் அடித்தாள். நான்கு கால்களையும் சேர்த்துக் கயிற்றால் கட்டி, கயிற்றுக்குள் குச்சியை விட்டு முறுக்கினாள். வெயிலில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

சூரியன் உச்சிக்கு வந்தது. "அவுத்துடலாமா பூவா?" "இல்லைங்க." சூரியன் சாய்ந்தது. "இப்ப?" "காயலைங்க." நிழல் நீண்டு தெருவைத் தாண்டியது. அப்போதுதான் கயிற்றை அவிழ்த்தாள். இரும்பாய் நின்றது கால்!

நாற்காலியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஓடினாள். "புருஷனைத் தலையில தூக்கிவச்சுக் கொண்டாடுறவளைக் கேள்விப்பட்டிருக்கோம், இப்பத்தான் பார்க்கிறோம்" என்று தெருவில் சிரித்தார்கள். அவள் எதையும் காதில் வாங்கவில்லை.

மலைமேல் மாளிகை. பளபளவென்று கருங்கல் பாவிய கூடம். சுவரோரம் வரிசையாக ஒரு சாண் உயரத்துக்குக் கட்டைக் கால் மணைகள். கூடத்தின் நடுவே விரலை நீட்டினான் மந்திரவாதி. "அங்கே போடு."

போட்டாள். அவன் சாய்வைத் தொட்டு அசைத்தான். டொக். டொக். டொக்.

பூவாத்தாள் குனிந்து காலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். கால் அசையவில்லை. நாற்காலி மட்டும் ஆடியது. "சாமி, தரை சரியில்லையோ என்னவோ" என்றாள் மெதுவாக.

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று சிரித்தான் அவன். "ஒரு கால் நீளம். உட்காருமுன் வேண்டுமானால் அறுத்துக்கொள்." ரம்பத்தை நீட்டினான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த மணைகள் எல்லாம் ஒருகாலத்தில் நாற்காலிகள்! தம் மனிதரை மீட்க வந்தவர்கள் ஒரு காலை அறுத்திருக்கிறார்கள். மறுபக்கம் ஆடியிருக்கிறது. அதையும் அறுத்திருக்கிறார்கள். இப்படியே அறுத்து அறுத்து மணையாக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"அறு பூவா" என்றது நாற்காலி. "நொண்டியா வந்தாலும் உன்கிட்ட வந்தாப் போதும் எனக்கு."

அவள் கண் நிறைந்துவிட்டது. ரம்பத்தைக் காலில் வைத்தாள். வைத்தவள் எடுத்தாள். முந்தானையில் ஒரு நூலை உருவி அளந்தாள். முதல் கால், இரண்டாம் கால், மூன்றாம் கால், நான்காம் கால். நான்கும் ஒரே அளவு!

"தாகமா இருக்கு சாமி. கொஞ்சம் தண்ணி கொடுங்க" என்றாள்.

தோற்றவள்தானே என்று அவன் செம்பு நிறையக் கொடுத்தான். அவள் குடிக்கவில்லை. கூடத்தின் நடுவே கவிழ்த்தாள். தண்ணீர் நிற்குமா? சரசரவென்று ஓடி, ஆடின காலுக்குக் கீழே குளமாய்த் தேங்கியது!

"கூடம் கோணல்தான் சாமி" என்றாள் பூவாத்தாள். நாற்காலியை வாசற்படி ஓரம் தண்ணீர் ஓடாத இடத்துக்கு இழுத்துப்போய் வைத்தாள். அசைத்தாள். சத்தமே இல்லை. "கூடத்துக்கு நடுவுலதான் உட்காருவேன்னு நீங்க சொல்லலை. சூரியன் இன்னும் இருக்கு. வாங்க, உட்காருங்க."

மந்திரவாதி மாட்டேன் என்றுதான் நினைத்தான். வாக்கு விடுமா? அவன் கால்கள் அவனை இழுத்துக்கொண்டு வந்தன. உட்கார்ந்தான். ஒரு தடவை குதித்தான், இரண்டு தடவை குதித்தான், மூன்று தடவை குதித்தான். கிறீச்சென்றுகூடக் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால், உட்கார்ந்திருப்பது ஒரு மனுஷன் மடியில்!

"சாமி, கொஞ்சம் எந்திரிங்க" என்றான் சடையாண்டி. "கால் மரத்துப்போச்சு."

கோணல் கூடத்தில் எத்தனை பேரை ஆடவைத்துச் சிரித்தவன் அந்தக் கொக்கிமூக்கன்! அவன் இட்ட சாபம் அவனையே பிடித்தது. எழுந்த இடத்திலேயே மணையாய்ப் போனான், மூக்கு மட்டும் கைப்பிடி மாதிரி நீட்டிக்கொண்டு. சுவரோரத்து மணைகள் அத்தனையும் ஆணும் பெண்ணுமாய் முழுக்காலில் எழுந்து நின்றன. அவர்கள் பூவாத்தாளைத் தோளில் தூக்கிக்கொண்டு மலையிறங்கினார்கள். அரசர் செய்தி கேட்டு அந்த மாளிகையை அவளுக்கே கொடுத்தார். அவள் செய்த முதல் வேலை, தரையைப் பெயர்த்துச் சமமாகப் பாவியது.

அன்று வீடு வந்து சேரும்வரை அவள் சடையாண்டியின் கையை விடவில்லை. கதவைச் சாத்தியதும்தான் அவன் நெஞ்சில் முகம் வைத்து ஓவென்று அழுதாள். அழுது ஓய்ந்த பிறகு அவன் கேட்டான்.

"வந்தவங்க எல்லாரும் அறுத்தாங்களே பூவா. நானே அறுன்னு சொன்னேன். நீ மட்டும் ஏன் அறுக்கலை?"

"நான் பூட்டின கால்" என்றாள் அவள். "அது ஆடாதுன்னு எனக்குத் தெரியாதா?"

அவன் உளியை எடுத்து அவள் கையில் கொடுத்தான். அவர்கள் நீண்ட நாள் நன்றாக வாழ்ந்தார்கள். கதை கேட்ட நீங்களும் நன்றாக இருங்கள்.